பந்தயக் கணிப்பு விற்பவரின் கணக்கை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

நண்பர் ஒருவர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இந்த ஆளுக்குச் சந்தா கட்டலாமா?" என்று கேட்டார். விளையாட்டுப் பந்தயங்களுக்கு டிப்ஸ், அதாவது எதன் மீது கட்டலாம் என்ற கணிப்புகள், விற்கும் ஒரு சேனல் அது. "60 டிப்ஸ், 42 வெற்றி, 70 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகப் பச்சை டிக். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: அந்த 60 டிப்ஸும் என்ன ஆட்ஸில், அதாவது என்ன பந்தய விலையில், கொடுக்கப்பட்டவை? படத்தில் அது எங்குமே இல்லை.

ஆட்ஸ் இல்லாத வெற்றிக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு கணிப்பாளர் எத்தனை முறை ஜெயித்தார் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். என்ன விலையில் சொன்னார், எப்போது சொன்னார், அந்த விலை உங்கள் கைக்கும் எட்டியிருக்குமா? இந்த மூன்றையும்தான் சரிபார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர் யாரும் செய்யக்கூடிய வேலைதான். பொறுமை மட்டும் வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பந்தயம் சில நாடுகளில் சட்டப்படி நடக்கிறது, சில இடங்களில் தண்டனைக்குரியது. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் எதற்கும் ஒரு காசுகூடச் செலவில்லை. ஒரு நோட்டோ எக்செல் தாளோ போதும். சோதித்துப் பார்க்கிற காலத்தில் பந்தயம் கட்டவே கட்டாதீர்கள். கடன் வாங்கிக் கட்டலாம் என்று நினைப்பவரும், விட்டதைப் பிடிக்கத் துடிப்பவரும் இந்தப் பக்கமே வர வேண்டாம். இதை நான் மனதார, அக்கறையோடு சொல்கிறேன்.

முதலில் சில சொற்கள்

ஆட்ஸ் என்றால் விலை. 1.91 ஆட்ஸில் 100 கட்டி ஜெயித்தால், கட்டிய 100-ஐயும் சேர்த்து 191 திரும்ப வரும். அமெரிக்கர்கள் இதையே −110 என்று எழுதுவார்கள். 100 லாபம் வேண்டுமானால் 110 கட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள். 1-ஐ ஆட்ஸால் வகுத்துப் பாருங்கள். கையைக் கடிக்காமல் இருக்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். 1.91-க்கு அது 52.4 சதவீதம். 1.25-க்கு 80. 5.00-க்கு 20.

சம பலமுள்ள இரண்டு அணிகளுக்கும் புக்கி (பந்தயத்தை ஏற்று நடத்துபவர்) 1.91 கொடுக்கிறார் என்று வையுங்கள். 52.4-ஐ இரண்டு முறை கூட்டினால் 100-ஐத் தாண்டி கிட்டத்தட்ட 104.7 வரும். அந்தக் கூடுதல்தான் புக்கியின் லாபப் பங்கு. எந்தக் கணிப்பாளரும் முதலில் இந்தச் சுவரைத் தாண்டியாக வேண்டும்.

யூனிட் என்பது ஒரு பந்தயத்துக்கு வழக்கமாக வைக்கும் அளவு. பந்தயத்துக்கென்று ஒதுக்கிய மொத்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒரு யூனிட்டாக வைத்துக்கொள்பவர்கள் அதிகம். ஈல்டு என்பது லாபத்தைக் கட்டிய மொத்தத்தால் வகுத்து வரும் சதவீதம். க்ளோசிங் ஆட்ஸ் என்பது போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் சந்தையில் கடைசியாக இருந்த விலை. இந்தக் கடைசிச் சொல்லை மறக்க வேண்டாம். பின்னால் இதுதான் பெரிதாகக் கை கொடுக்கும்.

படி 1: முழுக் கணக்கையும் கேளுங்கள்

"கடந்த மாதம் +18 யூனிட்" என்று ஒரு வரி போதாது. முதல் நாளிலிருந்து இன்றுவரை உள்ள ஒவ்வொரு டிப்பும் வேண்டும்: தேதி, நேரம், போட்டி, எதன் மீது பந்தயம், ஆட்ஸ், எத்தனை யூனிட், முடிவு. நேர்மையான ஆள் இதை ஒரு கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடுவார். "பழைய குரூப் முடங்கிவிட்டது", "அதெல்லாம் விஐபி உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பந்தயச் சீட்டின் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக ஏற்காதீர்கள். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் எழுத்தை மாற்றி, படம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. படம் உண்மையாகவே இருந்தாலும், அதே ஆள் அதே நாளில் தோற்ற ஐந்து சீட்டுகளை உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

டெலிகிராமில் பொதுச் சேனலாக இருந்தால் ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் இணைப்பையும் நகலெடுத்துப் பாருங்கள். முடிவில் ஓர் எண் இருக்கும், பதிவுக்குப் பதிவு அது ஏறிக்கொண்டே போகும். 811-க்கு அடுத்து 812 வர வேண்டிய இடத்தில் 815 வந்தால், நடுவில் இருந்தவை எங்கே என்று கேள்வி எழுகிறது. பல படங்களைச் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டாலும் எண் தாவும் என்பதால், ஒன்றிரண்டு இடைவெளியை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் தோல்வி நாட்களில் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பதிவின் ஓரத்தில் "திருத்தப்பட்டது" என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஆள் ஐந்து சேனல் நடத்தலாம். ஐந்திலும் வெவ்வேறு டிப்ஸ் போட்டு, மூன்று மாதம் கழித்து நன்றாக ஓடியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் மூடிவிடலாம். மிஞ்சிய சேனலில் ஒரு பதிவுகூடப் பொய்யாக இருக்காது. இருந்தாலும் கணக்கு முழுக்கப் பொய்தான். இதற்கு நெருங்கிய இன்னொரு வேலையும் உண்டு. 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறார்கள்: பாதிப் பேருக்கு ஒரு அணி, மீதிப் பேருக்கு எதிரணி. சரியான டிப் கிடைத்த 512 பேருக்கு மட்டும் அடுத்தது. அப்புறம் 256, 128, 64... பத்தாவது போட்டி முடியும்போது ஒரே ஒருவர் மிஞ்சுவார். அவருக்கு வந்த பத்து டிப்பும் பலித்திருக்கும். அந்த ஒருவர் கண்ணுக்கு அனுப்பியவர் தெய்வமாகத் தெரிவார். கேட்காமலே வந்த டிப்ஸ் வரிசையாகப் பலித்தால், அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம் என்று யோசியுங்கள்.

படி 2: ஆட்ஸ் வாரியாகப் பிரியுங்கள்

நண்பர் காட்டிய 70 சதவீதத்துக்குத் திரும்ப வருவோம். அந்த 60-ல் 40 டிப்ஸ் 1.25 ஆட்ஸில் என்றும், அவற்றில் 34 ஜெயித்தன என்றும் வைத்துக்கொள்வோம். டிப் ஒன்றுக்கு ஒரு யூனிட் கட்டினால் 40 போய் 42.5 திரும்ப வரும், லாபம் 2.5. மீதி 20 டிப்ஸ் 1.91 ஆட்ஸில், ஜெயித்தது 8. இருபது போய் 15.28 வரும், நட்டம் 4.72. மொத்தம் கூட்டினால் 60-க்கு 42 வெற்றி, 70 சதவீதம், எல்லாம் உண்மை. கையில் 2.22 யூனிட் நட்டம்.

அதனால் கோப்பு கையில் வந்ததும் முதல் வேலையாக அதை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: 1.50-க்குக் கீழ், 1.50 முதல் 2.50 வரை, அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனியாக லாப நட்டம் போடுங்கள். வெற்றிச் சதவீதத்தை மட்டும் கூவி விற்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

படி 3: எழுதிய விலை உண்மையில் கிடைத்ததா?

அதிகம் பேர் கவனிக்காத இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கணிப்பாளர் 1.95 என்று எழுதியிருக்கிறார். அவர் டிப் போட்ட நிமிடத்தில் சந்தையில் கிடைத்தது 1.87. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். 1.95-க்கு 51.3 சதவீதம் ஜெயித்தால் போதும், 1.87-க்கு 53.5 வேண்டும். வருடக்கணக்கில் 53 சதவீதம் ஜெயிக்கும் ஆள் முதல் விலையில் லாபக்காரர், இரண்டாம் விலையில் நட்டக்காரர். யாரோ ஒரு புக்கியிடம் ஒரு கணம் மின்னி மறைந்த உச்ச விலையைக் கணக்கில் எழுதிக்கொள்வது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

விலையைப் போலவே, பந்தயத்துக்கு வைத்திருக்கும் புள்ளி வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதன் மீது கட்டும் பந்தயத்தை ஸ்பிரெட் என்பார்கள். அங்கே ஆட்டங்கள் முடியும் வித்தியாசங்களில் எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது 3. கணிப்பாளர் கணக்கில் −2.5 என்று எழுதியிருப்பார்; அணி 2.5 புள்ளிக்கு மேலான வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று பொருள். நீங்கள் கட்டப் போகும்போது எல்லா இடத்திலும் −3 ஆகியிருக்கும். அணி சரியாக 3 புள்ளியில் ஜெயிக்கிறது. அவர் தாளில் வெற்றி. உங்களுக்குக் கட்டிய பணம் மட்டும் திரும்பும். அரைப் புள்ளியில் இப்படி ஒரு கணக்கே மாறிவிடும்.

டென்னிஸில் எதிராளி காயத்தால் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பது புக்கிக்குப் புக்கி மாறும். சிலர் ஒரு செட் முடிந்திருந்தாலே பந்தயம் செல்லும் என்பார்கள், சிலர் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். தனக்குச் சாதகமான விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறாரா என்று இதுபோன்ற ஆட்டங்களில் பார்த்துவிடலாம்.

பழைய விலைகளைச் சரிபார்க்க ஆட்ஸ்போர்ட்டல் மாதிரித் தளங்கள் உதவும். முடிந்த போட்டிகளின் ஆட்ஸ் அங்கே கிடைக்கும். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளுக்கு ஃபுட்பால்-டேட்டா தளத்தில் முடிவுகளும் ஆட்ஸும் கோப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லா வரியையும் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு 30 வரிகளைத் தேர்ந்தெடுங்கள். அந்த 30-ல் ஏழெட்டு வரிகளில் எழுதிய விலை சந்தை விலையைவிடத் தூக்கலாக இருந்தால், மீதியையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

படி 4: எல்லாவற்றையும் ஒரே யூனிட்டுக்கு மாற்றுங்கள்

"+12 யூனிட்" என்று கணக்கு சொல்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு டிப்பில் 20 யூனிட் வைத்து 1.90-ல் ஜெயித்து 18 எடுத்திருக்கிறார். மற்ற எல்லா டிப்ஸும் சேர்ந்து 6 யூனிட் நட்டம். "இன்றைக்குப் பெரிய ஆட்டம், 20 யூனிட் போடுங்கள்" என்கிற அந்தச் செய்தி, முன்பு விட்டதை ஒரே அடியில் மறைக்க எடுத்த முயற்சி. தோற்றிருந்தால் அந்தச் சேனலே இருந்திருக்காது.

எக்செலில் யூனிட் பத்தியை முழுவதும் 1 ஆக மாற்றி மறுபடி கூட்டுங்கள். லாபம் நின்றால் நல்லது. மாயமானால், அவருக்கு ஆட்டத்தைக் கணிக்கத் தெரியவில்லை, தொகையை ஏற்றத்தான் தெரிந்திருக்கிறது. தோற்ற ஒவ்வொரு முறையும் தொகையை இரட்டிப்பாக்குபவர்களும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள்.

படி 5: அதிர்ஷ்டத்தின் அளவைக் கணக்கிடுங்கள்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, உண்மையிலேயே திறமையா? இதை அறிய ஒரு சின்னச் சூத்திரம் போதும். சராசரி ஆட்ஸிலிருந்து 1-ஐக் கழியுங்கள். அதை டிப்ஸின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். எந்தத் திறமையும் இல்லாத ஒருவரின் லாபமோ நட்டமோ சும்மா எத்தனை யூனிட் அளவுக்கு ஊசலாடும் என்பது கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக 400 டிப்ஸ், சராசரி ஆட்ஸ் 2.50. 1.5-ஐ 400-ஆல் பெருக்கினால் 600. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 24.5. அவர் காட்டும் லாபம் 30 யூனிட் என்றால், அது அந்த ஊசலாட்டத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. நான் குறைந்தது இரண்டு மடங்கு எதிர்பார்ப்பேன். நூற்றுக்கணக்கான கணிப்பாளர்களைப் பட்டியலிட்டு அதில் முதலிடத்தில் இருப்பவரைக் காட்டினால் மூன்று மடங்கு கேட்பேன். அவ்வளவு பேர் நாணயத்தைச் சுண்டினாலும் ஒருவர் முதலிடத்துக்கு வரத்தானே செய்வார்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 1.91 ஆட்ஸில் 100 டிப்ஸ், 57 வெற்றி. கிட்டத்தட்ட 9 யூனிட் லாபம். அசத்தலாகத் தெரிகிறது. ஆனால் வெறும் நாணயம் சுண்டுகிறவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 57 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். அதே நாணயம் 1,000 முறையில் 550-ஐத் தொடுவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது. 55 சதவீதம் 57-ஐவிடக் குறைவுதான். ஆயிரம் டிப்ஸின் மேல் நிற்பதால் அதன் எடை பல மடங்கு. 1.91 ஆட்ஸில் 55 சதவீதம் என்றால் ஈல்டு 5 சதவீதம். பெரிய போட்டிகளில் இதை வருடக்கணக்கில் தக்கவைப்பவர் மிகவும் திறமைசாலி. அதே போட்டிகளில் ஆயிரக்கணக்கான டிப்ஸுக்கு 25, 30 சதவீத ஈல்டு என்று யாராவது காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

படி 6: இனி வருவதை நீங்களே எழுதுங்கள்

இதுவரை பார்த்தது எல்லாம் அவர் கொடுத்த கணக்கு. இனிமேல் உங்கள் கணக்கு. என்னைக் கேட்டால், ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர் இந்தப் படியைச் செய்தால் போதும்.

ஒரு தாளில் இந்தப் பத்திகளைப் போடுங்கள்: டிப் வந்த நேரம், போட்டி, பந்தயம், அவர் சொன்ன ஆட்ஸ், ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் பார்த்த ஆட்ஸ், க்ளோசிங் ஆட்ஸ், முடிவு. விலை பார்க்க எப்போதும் ஒரே இடத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பினக்கிள் என்ற பந்தய நிறுவனத்தின் விலையைப் பலரும் அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம், அங்கே புக்கியின் பங்கு குறைவு, ஜெயிப்பவர்களையும் விரட்டுவதில்லை. அதனால் விலை கூர்மையாக இருக்கும். டிப் வந்த உடனே எழுதிவிட வேண்டும். ராத்திரி வந்து மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் அந்த நாள் கணக்கு கெட்டது.

க்ளோசிங் ஆட்ஸ் எதற்கு? போட்டி நெருங்க நெருங்க அணிப் பட்டியல், காயம், வானிலை எல்லாம் தெரிந்துவிடும்; பெரிய தொகை கட்டுபவர்களும் கட்டி முடித்திருப்பார்கள். அதனால் கடைசி விலைதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். கணிப்பாளர் 2.05-ல் சொன்ன அணி கடைசியில் 1.95-க்கு இறங்கியிருந்தால், சந்தை அவர் பக்கம் வந்திருக்கிறது. இரு பக்கமும் 1.95 என்றால் புக்கியின் பங்கை நீக்கிய நியாய விலை 2.00. அவர் 2.05 வாங்கியிருக்கிறார், 2.5 சதவீதம் சாதகம். அந்தப் போட்டியில் அணி தோற்றாலும் இந்தச் சாதகம் சாதகம்தான்.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. வெற்றி தோல்வியில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அதிகம், அதனால் ஆயிரம் டிப்ஸ் வேண்டியிருக்கிறது. விலை நகர்வில் அந்த ஆட்டம் மிகவும் குறைவு. நூறு டிப்ஸ் எழுதினாலே ஓரளவு தெரிந்துவிடும். நூறில் பெரும்பாலானவற்றில் விலை அவருக்கு எதிராகவே நகர்கிறது, ஆனால் லாபம் காட்டுகிறார் என்றால், அந்த லாபம் நிலைக்காது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சின்ன லீக், யாரும் கவனிக்காத ஆட்டம் என்றால் அவருடைய சந்தாதாரர்கள் கட்டுகிற பணமே விலையை இறக்கிவிடும். க்ளோசிங் ஆட்ஸ் அவருக்குச் சாதகமாகத் தெரியும், ஆனால் அது அவர்களே தள்ளிய விலை. அதற்காகத்தான் ஐந்து நிமிடப் பத்தி. டிப் வந்த ஐந்து நிமிடத்துக்குள் 2.05 இறங்கி 1.92 ஆகிவிட்டால், அவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. ஈல்டு கணக்குப் போடும்போது அவர் சொன்ன விலையை விட்டுவிட்டு இந்த ஐந்து நிமிட விலையில் போடுங்கள்.

படி 7: அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

"இலவச டிப்ஸ், இந்த இணைப்பில் கணக்குத் திறந்தால் மட்டும் போதும்" என்பவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்துவிடும் பல ஒப்பந்தங்களில், நீங்கள் புக்கியிடம் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு சேர்த்துவிட்டவருக்குப் போகும். நீங்கள் தோற்றால் அவருக்கு வருமானம் என்ற நிலையில் இருப்பவரின் டிப்பை எதற்கு நம்ப வேண்டும்?

"தோற்றால் பணம் வாபஸ்" என்பதும் பெருந்தன்மை இல்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு ஒரு அணியையும் பாதிப் பேருக்கு எதிரணியையும் சொன்னால், ஜெயித்த பாதியின் கட்டணம் அவருக்கு நிச்சயம். "முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஆட்டம்" என்று சொல்லி விற்பவர்களிடம் பேச்சே வேண்டாம். உண்மையாக இருந்தால் அது குற்றம், பொய்யாக இருந்தால் மோசடி.

சந்தாவையும் யூனிட்டில் போட்டுப் பாருங்கள். மாதம் 30 டிப்ஸ், தலா ஒரு யூனிட், ஈல்டு 3 சதவீதம் என்றால் மாத லாபம் 0.9 யூனிட். சந்தா உங்கள் ஒரு யூனிட்டின் மதிப்பில் 0.9-ஐத் தாண்டினால், கணிப்பாளர் நேர்மையாகவும் திறமையாகவும் இருந்தும் நீங்கள் நட்டத்தில்தான் இருப்பீர்கள். சிறிய தொகை கட்டுபவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. யூனிட்டைப் பெரிதாக்கி ஒத்துவர வைக்கலாமே என்று தோன்றும். அந்த எண்ணம் வந்தால் தாளை மூடி வைத்துவிடுங்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய நண்பர் இப்போது ஒன்பதாவது வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். சேனல் தன் கணக்கில் லாபம் என்று போட்டிருக்கிறது. அவருடைய ஐந்து நிமிடப் பத்தியில் அதே டிப்ஸ் நட்டத்தில் நிற்கின்றன. நூறாவது வரி வரட்டும், அப்புறம் பேசுவோம் என்றார். சந்தா இன்னும் கட்டவில்லை.